பஞ்சவர்ணத்தின் நம்பர்

தேக்கா சந்தைப் பக்கம் போய்வருகிறவர்களுக்கு பஃபலோ ரோட்டைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாழைத்தாரும் தேங்காய்க் குவியலும் நடைபாதையில் பாதியை எடுத்துக்கொள்ளும். மீதிப் பாதியில் சனங்கள் ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு போவார்கள், இடித்ததற்கு யாரும் கோபித்துக்கொள்ளவும் மாட்டார்கள். அங்கே ஒரு காய்கறிக் கடையின் ஓரத்தில், கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் கூடைமேல் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருப்பாள் பஞ்சவர்ணம். கை பாட்டுக்குக் கீரையை உருவும், வாய் பாட்டுக்கு வருகிறவர் போகிறவரை விசாரிக்கும். யார் வீட்டில் விசேஷம், யார் மகளுக்கு வீடு கிடைத்தது, யாருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது என்பதெல்லாம் அந்தக் கூடையடியில் கேட்டால் தெரிந்துவிடும்.

இப்போது அந்த வாய் பேசவில்லை. எதிர்ப்பக்கம் குடையைப் பிடித்துக்கொண்டு நின்ற ரத்தினம்மா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜனவரி மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. வாடிக்கைக்காரி ஒருத்தி குனிந்து ஏதோ கேட்டாள். பஞ்சவர்ணம் தலையை மட்டும் அசைத்துவிட்டு அடுத்த கீரைக்கட்டை எடுத்தாள்.

ரத்தினம்மா அந்த ரோட்டைத் தாண்டி இரண்டு மாதம் இருக்கும். வீட்டுக்குக் கீழே பேரங்காடியில் தாளுக்குள் அடைத்து வைத்த கத்தரிக்காயை வாங்கிக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். அமுக்கிப் பார்க்காமல் வாங்குவதெல்லாம் ஒரு கத்தரிக்காயா என்று ஊரைக் கேட்ட பொம்பளை அவள். அவளுக்கே இந்தக் கதி என்றால், நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

ரத்தினம்மா கேம்பல் லேனில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் ரவிக்கை தைக்கிறவள். அறுபத்து நாலு வயசு. புருசன் போய்ச் சேர்ந்த பிறகு ஒரே மகள் அனுப்பிரியாவைத் தையல் மெஷினை மிதித்தே படிக்க வைத்தவள். உட்கார்ந்தே வேலை பார்த்ததில் சர்க்கரை ஏறி, பலதுறை மருந்தகத்து டாக்டர் கண்டிப்பாக நடக்கச் சொல்லிவிட்டார். தனியாக நடக்க வெட்கப்பட்டுக்கொண்டு கீரைக்கடைப் பஞ்சவர்ணத்தைத் துணைக்குக் கூப்பிட்டாள். அவளுக்கு இவளைவிட மூன்று வயசு குறைச்சல். முழங்கால் மட்டும் பத்து வயசு கூடுதல்.

ஃபேரர் பார்க் திடலில் இரண்டு பேரும் விடிகாலையில் சுற்றிச் சுற்றி வருவார்கள். பஞ்சவர்ணத்தின் வீட்டுக்காரர் சுந்தரம் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகளை இறக்கிவிட்டு, கயிறு கட்டிய பிளாஸ்டிக் பைகளில் மூன்று கோப்பி வாங்கிக்கொண்டு நேரே திடலுக்கு வந்துவிடுவார். அக்காவுக்குச் சீனி போடாதது, பஞ்சுவுக்குப் பால் தூக்கலானது என்று மாறாமல் கொடுப்பார். கடைசிச் சுற்றைக் கோப்பி பையை ஆட்டிக்கொண்டே அவர்களோடு நடப்பார். ரத்தினம்மாவுக்கு அந்த நடையில் சர்க்கரை இறங்கியதோ இல்லையோ, நாள் நன்றாக விடிந்தது.

அப்படி இருக்கும்போதுதான் சமூக மன்றத்தில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் வந்தது. கல்லாங் ஆற்றோரமாக ஓடலாம், நடக்கலாம், அறுபது தாண்டிய பெண்களுக்குத் தனிப் பரிசு. பேர் கொடுக்கலாம் என்று ஆரம்பித்தது பஞ்சவர்ணம்தான். இரண்டு பேரும் கொடுத்தார்கள். ரோஸ் நிறத்தில் நம்பர் அச்சடித்த தாள் கிடைத்ததும் அதைச் சாமி படத்தடியில் வைத்துக் குங்குமம் வைத்துவிட்டாள் என்று சுந்தரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஓட்டத்தன்று காலையில் பஞ்சவர்ணத்தின் முழங்கால் பரங்கிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. அப்படியும் நொண்டிக்கொண்டே வந்தாள். வந்த இடத்தில் நிற்க முடியாமல் புல்லில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி கண்ணைக் கசக்கினாள்.

"இதுக்கு ஏன் அழுவுற?" என்றார் சுந்தரம். "உன் நம்பரை எங்கிட்ட குடு. நீ ஆபரேஷன் பண்ணிப் படுத்திருந்த வருசம் உன் பால்குடத்தை நான் எடுத்துட்டுப் போவலயா? அதுக்கப்பறம் கால் வலின்னு வருசா வருசம் நான்தானே எடுக்கிறேன். முருகன் வேணாம்னா சொன்னான்?"

டெங்குக் காய்ச்சலில் சுந்தரம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பஞ்சவர்ணம் வைத்த வேண்டுதல் அது. மனுசன் எழுந்து வந்தால் தைப்பூசம் தவறாமல் பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள். அவளால் முடியாமல் போனதும் அவர் சுமந்தார். வீட்டில் ஒருத்தர் வேண்டினால் இன்னொருத்தர் நடந்து முடிக்கிறது நம் சனங்களுக்குப் புதுசில்லை. சாமிக்கு ஒத்துக்கொண்டது சமூக மன்றத்துக்கும் ஒத்துக்கொள்ளும் என்றுதான் சுந்தரம் நினைத்தார். பஞ்சவர்ணம் நினைத்தாள். ஒளிப்பானேன், ரத்தினம்மாவும் அப்படித்தான் நினைத்தாள்.

அது மட்டுமா? தாளோடு வந்த ஊக்குகளைப் பஞ்சவர்ணம் வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள். தையற்காரி வளையலில் ஊக்குக்கு என்ன பஞ்சம்? நாலு ஊக்கைக் கழற்றிச் சுந்தரத்தின் சட்டையில், நெஞ்சுக்கு நேராக, கோணாமல் குத்திவிட்டதே ரத்தினம்மாதான்.

"அக்கா, ஒரு போட்டோ எடுங்க. இவளுக்கு அனுப்பி விடுங்க, சிரிக்கட்டும்" என்று சுந்தரம் இடுப்பில் கைவைத்து நின்றார். ரோஸ் நம்பரும் வெள்ளை மீசையுமாக வாய் கொள்ளாத சிரிப்பு. ரத்தினம்மா எடுத்தாள். அங்கேயே பஞ்சவர்ணத்துக்கு அனுப்பினாள். அழுதுகொண்டிருந்தவள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

ஓட்டம் முடிந்து பரிசு கொடுக்கும்போதுதான் வினை வந்தது. அறுபது தாண்டிய பெண்களில் மூன்றாவது, மேடம் பஞ்சவர்ணம் என்று மைக்கில் கூப்பிட்டார்கள். நம்பருக்குப் பின்னால் ஒட்டியிருந்த கம்ப்யூட்டர் சில்லு நேரத்தைக் கணக்கு வைத்திருக்கிறது. சுமந்து வந்தது ஆணா பெண்ணா என்று அதற்கு என்ன தெரியும்? பஞ்சவர்ணம் திருதிருவென்று முழித்தாள். சுந்தரம் விழுந்து விழுந்து சிரித்தார். "போ, உன் நம்பர்தானே" என்று முதுகில் தட்டினார். பக்கத்தில் நின்ற பெண்களும் கையைப் பிடித்துத் தூக்கிவிட, பஞ்சவர்ணம் நொண்டிக்கொண்டே மேடையேறிக் கோப்பையை வாங்கிக்கொண்டாள். ரத்தினம்மா கைதட்டினாள். மனசாரத்தான் தட்டினாள். பிறகு திரையில் பேர்கள் ஓடின. நாலாவதாக அவள் பேர் இருந்தது.

அந்த இடத்திலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தம்பி, மூணாவது நான்தான் என்று சொல்லியிருந்தால் சுந்தரம் நாக்கைக் கடித்துக்கொண்டு அந்த நிமிசமே கோப்பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியிருப்பார். சொல்ல வாய் வரவில்லை. பிறந்ததிலிருந்து ஒரு பந்தயத்திலும் பேர் வராத பொம்பளை, எனக்குக் கொடு என்று கேட்பதற்கும் ஒரு பழக்கம் வேண்டுமல்லவா? திரும்பி வரும்போது பேருந்தில் பஞ்சவர்ணம் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "வெக்கமா இருக்குக்கா, நடக்காமலே வாங்கிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ரத்தினம்மா சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அன்றைக்கு மத்தியானம் அனுப்பிரியா வீட்டில் இருந்தாள். அலுவலகத்தில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரைப் பார்க்கிற பெண், வீட்டிலும் கையில் போன் இல்லாமல் இருக்க மாட்டாள். அம்மா அரிசி களைகிற வேகத்தைப் பார்த்தே ஏதோ சரியில்லை என்று கண்டுபிடித்துவிட்டாள்.

"என்னம்மா, ரேஸ் என்ன ஆச்சு?"

"நாலாவது."

"நாலாவதா? சூப்பர் லா. அதுக்கு ஏன் மூஞ்சியை இப்படி வச்சிருக்கீங்க?"

"மூணாவதா வந்திருக்க வேண்டியது" என்று ஆரம்பித்தவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கொட்டக் கொட்ட அது வேறு கதையாகிக்கொண்டே வந்தது. ஊக்கு குத்திவிட்டதை அவள் சொல்லவில்லை.

அனுப்பிரியா எழுந்து நின்றுவிட்டாள். "அங்கிள் லேடீஸ் கேட்டகரில ஓடினாரா? அம்மா, திஸ் இஸ் சீட்டிங். ஆன்ட்டி எப்படி ஸ்டேஜ்ல ஏறினாங்க? உங்களைப் பக்கத்துல வச்சுக்கிட்டே."

"அவங்களுக்கு நான் நாலாவதுன்னு தெரியாதுடி."

"தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன? கோப்பை இப்ப யாரு வீட்டுல இருக்கு?"

ரத்தினம்மா அரிசியை இன்னும் அழுத்திக் களைந்தாள்.

"நீங்க எப்பவும் இப்படித்தான்மா. கடையில உங்க தையலை அவங்க தையல்னு சொல்லி விப்பாங்க, நீங்க சும்மா இருப்பீங்க. அத்தை வீட்டுல எல்லாருக்கும் பரிமாறிட்டு கடைசியா சாப்பிடுவீங்க. இந்த ஒரு தடவையாச்சும் கேக்கக்கூடாதா? போட்டோ இருக்கா?"

"இருக்கு."

"ரன்னர்ஸ் குரூப்ல போடவா? ஆர்கனைஸர் பார்ப்பாங்க, சரி பண்ணுவாங்க. அவ்வளவுதான்."

ரத்தினம்மா களைந்த தண்ணீரை ஊற்றிவிட்டு இன்னொரு தடவை தண்ணீர் பிடித்தாள். அரிசி முன்பே வெளுத்துவிட்டிருந்தது.

"போடு" என்றாள்.

மறுநாள் பொழுது சாய்வதற்குள் அது குரூப்பைத் தாண்டி எங்கெங்கோ போய்விட்டது. எவனோ ரோஸ் நம்பரைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டான். எவனோ சுந்தரத்தின் தலையில் பூ வைத்தான். அறுபது வயசுப் பாட்டிகளிடம் திருடின தாத்தா என்று ஒருத்தன் எழுத, சிரிக்கிற முகங்கள் அதன் கீழே வரிசை கட்டின. கையில் போன் வைத்திருக்கிறவன் எல்லாம் அன்றைக்கு நீதிபதியாகிவிட்டான். விசாரிக்க ஒருத்தன் இல்லை, தண்டனை கொடுக்க ஆயிரம் பேர். ரத்தினம்மா மகளின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். சிவப்பு வட்டத்துக்குள் அவளுடைய நாலு ஊக்கும் பளிச்சென்று தெரிந்தன.

சுந்தரம் அன்று காலையிலேயே, ஒருத்தரும் சொல்லாமல், கோப்பையைச் சமூக மன்றத்தில் கொண்டுபோய்க் கொடுத்து மன்னிப்பும் கேட்டுவிட்டு வந்திருந்தார். பேருந்தில் ஆரம்பித்த வெட்கம் பஞ்சவர்ணத்தை ராத்திரி தூங்கவிடவில்லையாம். அதை யாரும் படம் பிடித்துப் போடவில்லை.

அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. யாரோ வேன் நம்பரையும் கண்டுபிடித்துப் போட்டுவிட்டார்கள். பெற்றோர்களின் வாட்ஸாப்பில் படம் சுற்றியது. இப்படிப்பட்ட ஆளை நம்பிப் பிள்ளைகளை எப்படி அனுப்புவது என்று ஒரு அம்மா கேட்டாள். ஒரு வார்த்தை வந்தால் ஒன்பது வார்த்தை சேராதா? வேனில் ஏறும்போது முதலாம் வகுப்புப் பெண் ஒன்று, சுந்தரம்தான் தினமும் பெல்ட் மாட்டிவிடுகிற பிள்ளை, "அங்கிள், யூ சீட் ஆ?" என்று கேட்டுவிட்டது. பிள்ளை வெறும் சந்தேகமாகத்தான் கேட்டது. அந்த வாரத்தோடு சுந்தரம் வேன் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போய் உட்கார்ந்தார். திடலுக்குக் கோப்பி வரவில்லை. பஞ்சவர்ணமும் வரவில்லை. ரத்தினம்மா சில நாள் தனியாகச் சுற்றிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

அனுப்பிரியா பயந்துபோய் இரண்டாம் நாளே பதிவை அழித்துவிட்டாள். அழித்து என்ன செய்ய, மற்றவர்கள் எடுத்து வைத்துக்கொண்டது அங்கங்கே இருந்தது. நடந்தது இதுதான், அங்கிள் ஏமாற்ற நினைக்கவில்லை, கோப்பையைத் தானே திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று நீளமாக இன்னொன்று எழுதிப் போட்டாள்.

"இதை முப்பது பேர்கூடப் பார்க்கலம்மா" என்று போனை மெத்தையில் போட்டுவிட்டு அழுதாள். "ஸாரி சொன்னா ஒருத்தனும் ஷேர் பண்ண மாட்டேங்கிறான். நான் இப்படி ஆகும்னு நினைக்கலம்மா."

"நீ கேட்ட. நான் போடுன்னு சொன்னேன்" என்றாள் ரத்தினம்மா. அதற்குமேல் மகளைத் திட்டவும் அவளால் முடியவில்லை, தேற்றவும் முடியவில்லை.

சமூக மன்றத்திலிருந்து கோப்பையை ரத்தினம்மாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதை ரவிக்கைத் துணிகளுக்குப் பின்னால், அலமாரியின் உள்மூலையில் வைத்திருந்தாள். அந்தப் படம் இரண்டு போனில்தான் இருந்தது, ஒன்று அவளுடையது, இன்னொன்று பஞ்சவர்ணத்தினுடையது. யார் கொடுத்தது என்று பஞ்சவர்ணத்துக்கு முதல் நாளே தெரிந்திருக்கும். தெரிந்தும் ஒரு போன் போட்டுக் கேட்கவில்லை. நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டிருந்தால் ரத்தினம்மா பிழைத்திருப்பாள்.

தைப்பூசம் நெருங்கிவிட்டது. சிராங்கூன் ரோட்டில் விளக்குகள் கட்ட ஆரம்பித்திருந்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான், இதற்குமேல் தள்ளிப்போட முடியாது என்று ரத்தினம்மா அந்தத் தூறலில் வந்து நின்றுகொண்டிருந்தாள். குடையை மடக்கிவிட்டு ரோட்டைத் தாண்டினாள்.

பஞ்சவர்ணம் நிமிர்ந்து பார்த்தாள். வாங்கக்கா என்று சொல்லவில்லை. "என்ன வேணும்?" என்றாள்.

"கத்தரிக்கா."

பஞ்சவர்ணம் எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, குவியலில் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து நல்லதாகப் பொறுக்கினாள். பூச்சி விழுந்த ஒன்றை எடுத்து ஓரமாகப் போட்டாள். யாரோ முன்பின் தெரியாதவளுக்குச் செய்கிற மாதிரி, ஆனால் குறையில்லாமல் செய்தாள்.

"பஞ்சு, உங்கிட்ட பேசணும்."

"கடையில ஆள் நிக்குது. சாயங்காலம் வீட்டுக்கு வாங்க" என்றாள் பஞ்சவர்ணம். பையை நீட்டிவிட்டுக் கீரைக்குத் திரும்பினாள்.

அவர்கள் வீடு ஃபேரர் பார்க் அடுக்குமாடி புளோக் ஒன்றில் ஏழாவது மாடி. ரத்தினம்மா மின்தூக்கியில் ஏறிப் போனாள். கோப்பையை ஒரு துண்டில் சுற்றிக் கையில் வைத்திருந்தாள். நடையோரத்துச் செடித்தொட்டிகளில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. சுந்தரம் தினமும் அதைச் சாய்த்துக் கொட்டுவார், கொசு முட்டை வைக்கும் என்று.

உள்ளே ஹாலில் விளக்கு எரிந்தது. படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. சாமி படத்தடியில் பித்தளைக் குடம் புளி போட்டுத் துலக்கிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பஞ்சவர்ணம் தேநீரும் பருப்பு வடையும் கொண்டுவந்து வைத்தாள். "பசியாறுங்க" என்றாள்.

"நான்தான் போடச் சொன்னேன், பஞ்சு. அனு என்னைக் கேட்டுட்டுத்தான் போட்டா. புள்ளை மேல தப்பு இல்ல."

"தெரியும்."

"மூணாவதா வந்திருக்க வேண்டியது நான். அது உனக்குத் தெரியாது. எனக்கு என்னமோ அன்னைக்கு வயிறு எரிஞ்சுது. புத்தி கெட்டுப்போச்சு."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா" என்றாள் பஞ்சவர்ணம். "பஸ்ஸுல பக்கத்துலதானே உக்காந்து வந்தீங்க. என் மடியிலதானே இருந்துச்சு. கைய நீட்டி எடுத்திருந்தாக்கூட நான் குடுத்திருப்பேன்."

ரத்தினம்மா துண்டைப் பிரிக்காமலே கோப்பையை மேசைமேல் வைத்தாள். பஞ்சவர்ணம் அதை மெதுவாக அவள் பக்கமே தள்ளினாள்.

"அது உங்களது. உங்களுக்குச் சேர வேண்டியதுதான், அதுல எங்களுக்கு ஒண்ணும் இல்ல. உங்ககிட்ட குடுக்க வேண்டியது இங்கயும் ஒண்ணு இருக்கு." எழுந்து போய்ச் சாமி அலமாரியிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து வந்தாள். உள்ளே நாலு ஊக்கு. "அன்னைக்கு ராத்திரியே சட்டையிலேருந்து கழட்டி வச்சாரு. அக்காவோடது, மறக்காம நாளைக்குக் காலையில திடல்ல குடுத்துருன்னு சொன்னாரு. அதுக்கப்பறம் எங்க?"

ரத்தினம்மா ஊக்குகளைக் கையில் வாங்கிக்கொண்டாள். அழுகை வந்தது. இவள் அழுது அதற்குப் பஞ்சவர்ணம் ஆறுதல் சொல்ல வேண்டி வந்துவிடுமோ என்று அதை விழுங்கிக்கொண்டாள்.

"தம்பி இந்த வருசம் குடம் எடுக்கிறாரா?"

"எடுக்கமாட்டாரு. எவனோ எழுதியிருக்கான், இவரு தைப்பூசத்துக்கும் பாதி வழி பஸ்ஸுல போறவராத்தான் இருப்பாருன்னு. அதைப் படிச்சதுலேருந்து குடத்தைத் தொடமாட்டேங்கிறாரு. நம்ம தூக்கிட்டுப் போனா சாமியையும் சேத்துப் பேசுவாங்கங்கிறாரு."

"அப்ப நான் எடுக்கிறேன், பஞ்சு. உனக்காக நான் நடக்கிறேன். உன் கால் தாங்காது."

பஞ்சவர்ணம் முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"வேணாங்கா" என்றாள். "இனிமே யாரும் யாருக்காகவும் நடக்க வேணாம். அவங்கவங்க நம்பரை அவங்கவங்க சுமந்துக்கலாம்."

சாத்திய கதவுக்குப் பின்னால் இருமல் கேட்டது. ரத்தினம்மா எழுந்து கதவருகில் போனாள். என்ன சொல்வது என்று ஒன்றும் யோசித்து வைத்திருக்கவில்லை. "தம்பி, நான் ரத்தினம்மா வந்திருக்கேன்" என்றாள். "எம்மேல கோவமா இருந்தா வந்து நாலு வார்த்தை திட்டிட்டுப் போங்க."

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. எழுந்து வருகிறார் என்று நினைத்தாள்.

"கோவம்லாம் இல்லக்கா" என்று குரல் மட்டும் வந்தது. "மழையா இருக்கு. வடை சாப்பிட்டுட்டு மெதுவாப் போங்க."

கதவு திறக்கவில்லை.

தைப்பூசத்தன்று காலையில் ரத்தினம்மாவை யாரும் அழைக்கவில்லை. அவளாகவே மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு, பால்குடங்கள் புறப்படுகிற பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டாள். கூட்டத்துக்குள் தேடி, பஞ்சவர்ணம் குடத்தைத் தலைக்கு ஏற்றுகிற நேரத்துக்குப் போய்ப் பக்கத்தில் நின்றாள். பஞ்சவர்ணம் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. முழங்காலில் இறுக்கிக் கட்டியிருந்த கட்டு சேலைக்கு மேலே புடைத்துத் தெரிந்தது.

நடந்தார்கள். ராத்திரி பெய்த மழையில் தார்ரோடு வெறுங்காலுக்குச் சில்லென்றிருந்தது, வெயில் ஏற ஏற அதுவே சுட்டது. சிராங்கூன் ரோடு முழுக்க வேல் வேல் என்ற சத்தமும் உறுமிச் சத்தமுமாக இருந்தது. தண்ணீர்ப் பந்தலில் கொடுத்த மோரை ரத்தினம்மா வாங்கி, குடத்தைப் பிடித்திருந்தவளின் வாயில் ஊற்றினாள். பஞ்சவர்ணம் குடித்தாள். வலது காலை ஊன்றும்போதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பால் ஒரு சொட்டும் சிந்தவில்லை.

தடுப்புக் கம்பிகளுக்கு அந்தப் பக்கம் சனங்கள் வரிசையாக நின்றார்கள். வெள்ளைக்காரர்கள், சீனர்கள், நம் ஆட்கள், எல்லார் கையிலும் போன். வருசா வருசம் இருக்கிறதுதான். பஞ்சவர்ணத்துக்கு முன்னெல்லாம் அது பிடிக்கும். பால்குடத்தோடு போகிற புருசனுக்குப் பக்கத்தில் நின்று, அவள்தான் எல்லாரையும் பார்த்து முதலில் சிரிப்பாள். இப்போது ஒரு போன் உயர்ந்ததும் தலையைக் குனியப் பார்த்தாள். தலையில் குடம் இருக்கும்போது எப்படிக் குனிவது? இரண்டு கையும் குடத்தில். முகத்தை மூட மூன்றாவது கை இல்லை. கண்ணை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டு இரண்டு எட்டு வைத்தாள், தடுமாறினாள்.

ரத்தினம்மா சட்டென்று கம்பிப் பக்கம் மாறினாள். போன்களுக்கும் பஞ்சவர்ணத்துக்கும் நடுவில், தோளோடு தோள் ஒட்டி நடந்தாள்.

"ஆன்ட்டி, கொஞ்சம் தள்ளுங்க, பால்குடம் தெரியல" என்று ஒரு பையன் கத்தினான்.

அவள் தள்ளவில்லை. டேங்க் ரோடு முருகன் கோயில் வரைக்கும் அந்தப் பக்கத்தை விடவில்லை. ஒரு பக்கத்தைத்தான் அவளால் மறைக்க முடிந்தது. மறுபக்கமும் இதே கூட்டம், இதே போன்கள்.

கோயிலில் பாலை ஊற்றும்போது, "சுந்தரம், அனுஷ நட்சத்திரம்" என்று பஞ்சவர்ணம் வாய்க்குள் சொன்னாள். வெளியே வந்து ஒரு படியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். கட்டைத் தாண்டி முழங்கால் வீங்கியிருந்தது. ரத்தினம்மா கீழ்ப்படியில் உட்கார்ந்து அதைப் பிடித்துவிட்டாள். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பஞ்சவர்ணத்தின் போன் அடித்தது. அவள் கையெல்லாம் பாலும் சந்தனமுமாக இருந்ததால் ரத்தினம்மாதான் பையிலிருந்து எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு, அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"முடிஞ்சுதா?" என்றார் சுந்தரம்.

"முடிஞ்சுதுங்க. நல்லபடியா ஊத்தியாச்சு."

கால் எப்படி இருக்கிறது என்று கேட்கப்போகிறார் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

"யாராச்சும் போட்டோ எடுத்தாங்களா?" என்று கேட்டார்.

அவர்களைச் சுற்றி, படியில், வாசலில், ரோட்டில், நூறு போன்கள் உயர்ந்து நின்றன. பஞ்சவர்ணம் அவற்றைப் பார்த்தாள். பிறகு போனைப் பிடித்திருந்த ரத்தினம்மாவைப் பார்த்தாள்.

"இல்லீங்க" என்றாள். "ஒருத்தரும் எடுக்கல."

"சரி. பாத்து வா" என்று அவர் வைத்துவிட்டார்.

ரத்தினம்மா போனை அணைத்துப் பையில் போட்டாள். பிறகு மறுபடியும் அந்த முழங்காலைப் பிடித்துவிட ஆரம்பித்தாள்.